லாரி இன்ஜின் படுத்துவிட்டதா? ஹெட்டைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

புளியரை எஸ் வளைவில் லோடோடு ஏறும்போது புல்லிங் போய், புகை கக்கி வண்டி நின்றுவிட்டது. வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த நிலையில் என்ன செய்வது? செங்கோட்டை–புனலூர் ரூட்டில் ஓடும் எங்கள் வண்டிக்கு லைனர், பிஸ்டன் செலவைக் கம்பெனியே ஏற்க வைத்த பிறகு எழுதுகிறேன். பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியை மனதில் வைத்துச் சொல்கிறேன்; பழைய வண்டிக்கும் பாதி பொருந்தும்.

முதல் வேலை, செல்ஃப் அடிப்பதை நிறுத்துவது. உள்ளே பேரிங் பிடித்திருந்தால் ஒவ்வொரு செல்ஃபும் சேதத்தைக் கூட்டும். டேஷ்போர்டில் எரர் கோடு (பழுதைக் குறிக்கும் எண்) வந்தால் சாவியை அணைக்கும் முன் போட்டோ எடுங்கள். எஸ்பிஎன் என்பது எந்த இடத்தில் பழுது என்று காட்டும் எண்; 100 என்றால் ஆயில் பிரஷர், 110 என்றால் கூலன்ட் சூடு. கோடு படிக்கக் கார்க்காரர்கள் வாங்கும் சின்ன புளூடூத் கருவி பெரும்பாலான லாரிகளில் உதவாது. அந்தக் காசுக்கு நல்ல டார்ச் லைட் வாங்கலாம்.

அடுத்து ஆயில் கேஜை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட், ஆயில் கூலர் இரண்டையும் சந்தேகப்படலாம். அளவு கூடி டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் ஒழுகலாம், டிபிஎஃப் ரீஜெனரேஷன் (புகை ஃபில்டரில் சேர்ந்த கரியை வண்டியே எரிப்பது) அடிக்கடி பாதியில் நின்றாலும் அப்படி ஆகும். நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால் ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். குபுகுபுவென்று புகை வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த வாயு கீழே ஆயில் பக்கம் கசிகிறது. உடனே “ரிங் போச்சு, இறக்கிடலாம்” என்பார்கள். அவசரம் வேண்டாம். ஏர் பிரேக் கம்ப்ரஸரோ டர்போவோ தேய்ந்திருந்தாலும் இதே புகை வரும். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியது சர்வீஸ் சென்டர். ஊர் மெக்கானிக் அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இப்போது ஸ்பேனர் வைக்கக் கூடாது. அவர் ஒரு போல்ட்டைத் தொட்டாலே “வெளியாள் பிரித்தது” என்று எழுத வழி கிடைத்துவிடும்.

இனி ஜாப் கார்டு, அதாவது சர்வீஸ் சென்டரில் நம் குறையை எழுதும் சீட்டு. எங்களை இழுத்தடித்தது இதுதான். நாம் சொன்ன குறையை அங்குள்ள சர்வீஸ் அட்வைசர் தன் பாணியில் “இன்ஜின் சீஸ் (இறுகிவிட்டது), ஓவர்ஹீட்” என்று சுருக்கிவிடுவார். ஓவர்ஹீட் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். தண்ணீர் பார்க்காமல் ஓட்டியது டிரைவர் தப்பு என்று பிறகு சுலபமாகத் திருப்பலாம். நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எந்த ஏற்றம், எந்த கியர், எந்த விளக்கு எரிந்தது, எப்போது நிறுத்தினோம். “வாரண்டி இல்லையென்றால் கழற்றுகூலி என் பொறுப்பு” என்ற வரிக்குக் கையெழுத்துக் கேட்பார்கள். போடுவதானால் கூடவே, “பிரிக்கும்போது நான் இருப்பேன், பழைய பாகங்களை முடிவு வரும்வரை வைத்திருக்க வேண்டும்” என்றும் எழுதிப் போடுங்கள். கேரளா டீலரிடம் மலையாளத்தில் பேசி முடித்தாலும், எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து.

மறுப்புக்கு வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள். தூசி புகுந்தது என்றால், ஏர் ஃபில்டர் பில்லையும் கழற்றிய ஃபில்டரின் போட்டோவையும் காட்டுங்கள். ஆயில் சாம்பிளில் சிலிக்கான் (தூசி புகுந்ததன் அடையாளம்) பார்க்கச் சொல்லுங்கள். ஓவர்லோடு என்றால் எடைமேடைச் சீட்டு. எம்-சாண்ட் ஓட்டுகிறவர்களுக்கு இது ஏன் கசக்கும் என்று நமக்குத் தெரியும். மூன்றாவதுதான் சிக்கல்: ஓவர் ஸ்பீடு. இறக்கத்தில் வேகமாக வரும்போது சின்ன கியருக்குத் தள்ளினால் சக்கரமே இன்ஜினைச் சுற்றும், டீசலை நிறுத்தியும் பயனில்லை. அந்த ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவில் பதிந்திருக்கும். அந்தப் பதிவின் பிரின்ட்டைக் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

மறுப்பை எழுத்தில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: “கேரளா டீலர், நான் தென்காசி. கேஸ் போட கொல்லம் போகணுமா?” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள். வக்கீல் கட்டாயமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். தொழிலுக்கு வாங்கிய வண்டி என்று தட்டிவிடப் பார்ப்பார்கள். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. பல வண்டி வைத்திருக்கும் முதலாளிமாருக்கு இந்த வழி கஷ்டம், அவர்கள் கம்பெனியின் ஏரியா மேனேஜரைப் பிடிப்பதே நல்லது.