பாமாயிலிலிருந்து பயோடீசல் தயாரிக்கும் முறை

செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து எடுக்கும் எண்ணெயை ஆல்கஹாலோடு வினைபுரியவைத்து எஸ்டராக (பயோடீசல் என்பது இதுதான்) மாற்றி என்ஜினை ஓட்டுவது புதிய யோசனை அல்ல. பெல்ஜியத்தில் 1937-இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. மறு ஆண்டே பிரஸ்ஸல்ஸுக்கும் லூவெனுக்கும் இடையே ஒரு பேருந்து அந்த எரிபொருளில் ஓடியது. அன்று எத்தனால் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் மெத்தனால்.

முதல் வேலை நீரை நீக்குவது. எண்ணெயை 105 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சடசடப்பு முற்றிலும் அடங்கும்வரை வைத்திருந்து, பின்னர் 55 டிகிரிக்கு ஆறவிட வேண்டும். ஈரம் மிஞ்சினால் கிடைப்பது எரிபொருளாக இராது, சோப்பாகவே இருக்கும்.

அடுத்தது அமிலத்தை அளப்பது. பழம் அடிபட்டதுமே அதிலுள்ள லிப்பேஸ் நொதி கொழுப்பைப் பிளக்கத் தொடங்கிவிடுவதால், தாமதமாக வேகவைத்த பழத்தின் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறியிருக்கும். 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 மி.லி. எண்ணெயும் சில துளி பினாப்தலீனும் (காரத்தில் இளஞ்சிவப்பாக மாறும் நிறங்காட்டி) சேர்த்து, அக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் கால் நிமிடமாவது நிலைக்கும்போது செலவான கரைசலின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுத்திகரிக்காத பாமாயிலின் ஆரஞ்சு நிறம் இந்த இளஞ்சிவப்பை மறைத்துவிடும் என்பதால், கரைசல் விடாத இன்னொரு மாதிரியைப் பக்கத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒப்பிடுவது நல்லது. ஒரே அளவீட்டை நம்பாமல் மூன்று முறை பார்த்துவிடுங்கள்.

90 சதவீதத் தூய்மையுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடாக இருந்தால், லிட்டர் எண்ணெய்க்கு 5.5 கிராமுடன், செலவான ஒவ்வொரு மி.லி.க்கும் 1 கிராம் கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது 3 மி.லி. செலவானால் 8.5 கிராம். செலவு 5 மி.லி.யைத் தாண்டினால், முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் கொண்டு அந்த அமிலங்களை எஸ்டராக்கிய பிறகே காரத்திடம் வர வேண்டும். காஸ்டிக் சோடாவும் வேலை செய்யும். ஆனால் அதில் அடியில் தங்கும் கிளிசரின் கல்லாக இறுகி வால்வை அடைத்துக்கொள்கிறது. பாமாயிலுக்கு நான் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையே தேர்ந்தெடுப்பேன்.

லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 220 மி.லி. மெத்தனாலை எடுத்து, அதில் காரத்தை முழுவதும் கரைக்க வேண்டும். மெத்தனால் நஞ்சு, தோல் வழியாகவும் உடலில் ஏறும், அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே கையுறை, கண்ணாடி, நல்ல காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். இந்தக் கட்டத்தில் அடுப்போ வேறு நெருப்போ அருகில் இருக்கவே கூடாது. அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும், எவர்சில்வர் போதும்.

கரைசலை எண்ணெயில் ஊற்றி, மூடிய கலத்தில் 55 முதல் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதித்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு எட்டு மணி நேரம் அசையாமல் விட்டால் கருப்பழுப்புக் கிளிசரின் அடியில் இறங்கும். வேறு எண்ணெய்களை இந்த நேரத்தில் ஆறவிட்டாலும் பெரிய கேடில்லை. பாமாயிலிலோ பால்மிட்டிக் அமிலம் மட்டுமே நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்து, ஆறினால் உறையச் செய்யும் என்பதால், கலத்தைக் கோணியாலோ கம்பளத்தாலோ சுற்றி வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும்.

கிளிசரினை வடித்த பிறகு, 3 மி.லி. எரிபொருளை 27 மி.லி. மெத்தனாலில் குலுக்கிப் பாருங்கள். அறை வெப்பநிலையில் தெளிவாகக் கரைந்தால் வினை முடிந்தது. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் மெத்தனாலும் காரமும் சிறிது சேர்த்து மீண்டும் கலக்க வேண்டும். முடிந்ததை வெந்நீரில் மெதுவாகக் கழுவுங்கள். முதல் தடவையே வேகமாகக் குலுக்கினால் மோர்போல் கலங்கிப் பிரியவே பிரியாது. கழுவிய நீர் தெளியும்வரை தொடர்ந்து, பின் 60 டிகிரியில் காற்றோட்டத்தோடு உலர்த்தினால், மங்கல் நீங்கி எரிபொருள் பளிச்சென்று தெரியும். கழுவிய நீரில் மெத்தனாலும் சோப்பும் இருப்பதால் அதைச் சாக்கடையில் விடக் கூடாது.

இந்த எரிபொருள் ஏறத்தாழ 15 டிகிரியிலேயே மங்கி உறையத் தொடங்கும். குளிர்ப்பகுதியில் இருப்பவர்கள் சாதாரண டீசலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்காமல் இருப்பது உத்தமம். பழைய வண்டியாக இருந்தால், டேங்கில் படிந்திருக்கும் அழுக்கை இது கரைத்து இழுத்துவரும் என்பதால், முதல் சில முறை நிரப்பியதும் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து மாற்றிவிட வேண்டும்.