பெயரைப் படிக்கும் முன் படத்தைப் பாருங்கள்: இணையவழி ஓவிய ரசனைப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் முடித்த ஓவிய ரசனைப் பாடத்தில் இப்போது என் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். எட்டு வாரப் பாடம். வாரத்துக்கு நான்கு காணொளிகள், ஒரு சிறு தேர்வு, முடிவில் ஒரு கட்டுரை. ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மாடி அறையில் எல்லோரும் கூடி ஒன்றாகப் பார்க்கிறோம். முதல் ஞாயிறன்று காணொளி தொடங்கியதுமே ஐந்து பேரும் நோட்டுப் புத்தகத்தில் குனிந்துவிட்டார்கள். திரையில் ஓவியம் வந்தது, அரை நிமிடம் நின்றது, போனது. ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. எட்டு வாரமும் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரைக்கான கடைசி நாளைத் தவறவிடுவது, பாதியில் நிறுத்திவிடுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பாடத்தை ஒழுங்காக முடித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, ஆனாலும் ஓவியத்தைப் பார்க்காமலே வெளியே வருகிறோமே, அந்தத் தவறுகளைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

அளவைக் கவனிக்காமல் கடந்துபோவது

ஓவியர் டாலியின் உருகும் கடிகாரங்களையும் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியத்தையும் கைப்பேசியில் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதலாவது வெறும் 24 சென்டிமீட்டர் உயரம், 33 சென்டிமீட்டர் அகலம். அச்சுத்தாளைவிடச் சற்றே பெரியது. இரண்டாவது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். படத்தின் கீழே பொடி எழுத்தில் இந்த எண்கள் இருக்கின்றன. நாம்தான் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நான் ஒருநாள் அளவு நாடாவும் சுண்ணக்கட்டியும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், குவெர்னிகாவின் நான்கு ஓரங்களையும் தரையில் கோடாகப் போட்டேன். பிறகு அலறும் குதிரை இருக்கும் நடுப்பகுதியில் போய் நின்றேன். இறந்த குழந்தையை ஏந்திய தாய் எனக்கு இடப்புறம் பல அடி தள்ளி இருந்தாள். வலது ஓரத்தில் கைகளை உயர்த்திக் கதறும் உருவத்தைப் பார்க்கக் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. 1937இல் குண்டுவீச்சுக்கு ஆளான ஓர் ஊரைப் பற்றிய அந்த ஓவியத்தை ஒரே பார்வையில் பிடிக்க முடியாது என்பது, சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்றபோதுதான் உடம்புக்குப் புரிந்தது. செலவில்லாத வேலை இது. செய்து பாருங்கள்.

காணொளியை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவது

வேண்டாம். பேச்சு புரிந்துவிடும், படம் நிற்காது.

பார்ப்பதற்கு முன்பே படித்துவிடுவது

எனக்கு இன்றும் ஆறாதது இந்தத் தவறுதான்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நெதர்லாந்து நிலக்காட்சி ஓவியம் வந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரின் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓவியம் அது. பீட்டர் புரூகல் வரைந்ததாக நெடுங்காலம் கருதப்பட்டது. அவருடைய மூல ஓவியம் தொலைந்துபோக, அதைப் பார்த்து வேறு யாரோ வரைந்த பிரதிதான் நம்மிடம் இருக்கிறது என்று இப்போது பல ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். அதன் பெயரைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நான் செய்தது இதுதான். காணொளிக்கு முன் பாடக் குறிப்பைத் திறந்தேன். முதல் வரியில் ஓவியத்தின் பெயர். இரண்டாம் வரியில், எந்த மூலையில் எதைப் பார்க்க வேண்டும் என்ற விளக்கம். பிறகு ஓவியத்தைத் திறந்தேன். கண் நேராக அந்த மூலைக்குப் போனது. இருந்தது. திருப்தியோடு அடுத்த காணொளிக்குப் போய்விட்டேன். மொத்தம் நான்கைந்து விநாடி.

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலை அதே ஓவியம் மடிக்கணினித் திரையில் முழுதாக விரிந்திருந்தது. அம்மா காப்பி கொண்டு வந்தவர் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கும்பகோணம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் அவர் கண்ணில் பட்டது முன்னால் சிவப்புச் சட்டை போட்டு உழுகிறவர். “ஒற்றைக் குதிரையைப் பூட்டி உழுகிறான்” என்றார். துணியை மடித்து வைத்ததுபோல் வளைந்து வளைந்து கிடக்கும் உழவுசாலைப் பார்த்து, “மேட்டு நிலம், சரிவுக்குத் தக்கபடி வளைத்து ஓட்டியிருக்கிறான்” என்றார். அடுத்துக் கீழே ஆடுகள். கோலை ஊன்றிச் சாய்ந்து நிற்கும் இடையர். “இவன் மேலே எதைப் பார்க்கிறான்?” என்று கேட்டுவிட்டு வானத்தைத் தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. பச்சைக் கடல், பாய் விரித்த கப்பல், தொலைவில் வெளிறிய நகரம், தொடுவானத்தில் தாழ்ந்து நிற்கும் சூரியன். கரையில் ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை நீளும் திசையில் அம்மாவின் கண் போனது.

“ஐயையோ, யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்களே! கால் மட்டும் தெரிகிறதே! ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையே!”

ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். அம்மா எழுந்தே விட்டார். அந்த ஓவியர் நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே கட்டி வைத்த அதிர்ச்சி அது. உழவர், இடையர், மீன்பிடிப்பவர் என்று ஒவ்வொருவராக நம்மை அழைத்துப்போய், அவர்களைப் போலவே நம்மையும் அந்தக் கால்களைப் பாராமல் இருக்கச் செய்துவிட்டு, கடைசியில் காட்டுகிறார். அந்த இடத்தில்தான் பார்க்கிறவருக்குக் குற்ற உணர்வு எழுகிறது. இத்தனை நேரம் நானும் பார்க்கவில்லையே என்று. அம்மாவுக்கு அது கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை, இனிமேல் கிடைக்கவும் கிடைக்காது. ஓர் ஓவியத்தை முதல் தடவை பார்ப்பது ஒரே ஒரு முறைதான் நடக்கும். அதை நான் இரண்டு வரிக் குறிப்புக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது பெயரைச் சொல்கிறேன்: ‘இக்காரஸின் வீழ்ச்சியுடன் ஒரு நிலக்காட்சி’. இக்காரஸ் கிரேக்கத் தொன்மக் கதையில் வரும் இளைஞன். தந்தை டெடலஸ் இறகையும் மெழுகையும் கொண்டு செய்து தந்த சிறகுகளோடு சூரியனுக்கு மிக அருகில் பறந்தான், மெழுகு உருகிக் கடலில் விழுந்தான். ரோமானியக் கவிஞர் ஓவிட் இந்தக் கதையைச் சொல்லும்போது மீன்பிடிப்பவர், இடையர், உழவர் மூவரும் பறக்கிறவர்களை அண்ணாந்து பார்த்துத் தெய்வங்களோ என்று வியக்கிறார்கள். ஓவியத்தில் அதே மூவர் இருக்கிறார்கள், ஆனால் விழுந்தவனை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா கேட்ட கேள்வியும் லேசானதல்ல. இதே ஓவியத்தின் இன்னொரு பிரதி அதே பிரஸ்ஸல்ஸில் வான் பியூரன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இடையர் பார்க்கும் வானத்தில் டெடலஸ் பறந்துகொண்டிருக்கிறார். நம் ஓவியத்தில் அவர் இல்லை, இடையரின் பார்வை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு குறிப்பையும் படிக்காத அம்மா ஐந்தாவது நிமிடத்தில் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் படித்திருந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

என் இறுதிக் கட்டுரையும் இந்த ஓவியத்தைப் பற்றியதுதான். அந்தப் பாடத்தில் மாணவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்த வேண்டும். யாரென்று தெரியாத ஒருவர் என் கட்டுரையின் கீழே, “இவை எல்லாம் காணொளியில் இருக்கின்றன. நீங்கள் பார்த்தது எங்கே?” என்று கேட்டிருந்தார். அன்று கோபம் வந்தது. அவர் கேட்டது நியாயம் என்று ஒப்புக்கொள்ள அம்மா வந்து உட்கார வேண்டியிருந்தது.

பெயர் நம் கண்ணைப் பிடித்து இழுத்துப்போகும். ரெம்பிராண்ட் 1642இல் முடித்த பெரிய ஓவியத்துக்கு ‘இரவுக் காவல்’ என்பது பின்னால் வந்த பெயர். மேலே பூசிய மெருகு காலப்போக்கில் கறுத்துப்போனதால் காட்சியே இரவு என்று எண்ணிவிட்டார்கள். உண்மையில் அது பகல். பெயரைப் படித்தவர் இருட்டைத்தான் தேடுவார். இடமிருந்து விழும் வெளிச்சமும், தளபதியின் கை நிழல் பக்கத்தில் நிற்பவரின் வெளிர்மஞ்சள் உடையில் படிந்திருப்பதும் அவர் கண்ணுக்கு எட்டாது.

மாமல்லபுரத்திலும் இதே கதைதான். கடற்கரைப் பக்கத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை ‘அர்ஜுனன் தபசு’ என்று சொல்லிக் காட்டினால், கைகளை மேலே தூக்கி ஒற்றைக் காலில் நிற்கும், விலா எலும்பு தெரியும் தவசியைத்தான் பார்ப்பீர்கள். ‘கங்கை இறங்குதல்’ என்றால் நடுவிலுள்ள பிளவையும் அதிலுள்ள நாகர்களையும் பார்ப்பீர்கள். இரண்டு பெயரும் அறிஞர்கள் சொன்னவைதான். பெயரே தெரியாமல் வரும் குழந்தையோ முதலில் யானையிடம் போகும், பிறகு அங்கே தவக்கோலத்தில் நிற்கும் பூனையைக் கண்டுபிடிக்கும்.

என்ன செய்யலாம்? காணொளியில் ஓவியம் தோன்றியதும் நிறுத்துங்கள். பெயர் இருக்கும் இடத்தை ஒரு தாளால் மறையுங்கள். பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்காருங்கள். கண்ணில் பட்டதையெல்லாம், பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். முதல் மூன்று நிமிடத்தில் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று தோன்றும், சலிப்பும் வரும். நான்காவது நிமிடத்துக்கு மேல்தான் ஓவியம் கொடுக்கத் தொடங்கும். அதன் பிறகு காணொளியை ஓட்டுங்கள். ஆசிரியர் சொல்வது உங்கள் பட்டியலோடு மோதும், சில இடத்தில் உங்களைத் திருத்தும், சில இடத்தில் நீங்கள் பார்த்ததை அவர் சொல்லாமலே விட்டிருப்பார். பாடம் அங்கேதான் இருக்கிறது.

போன ஞாயிறன்று ஓவியம் வருவதற்குள் ஒருவர் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டார். எழுந்துபோய் மடிக்கணினியை மூடிவிட்டேன். கடுமைதான். மற்ற நான்கு பேருக்கும் சேர்த்து அவர் அதைக் கெடுத்துவிட்டார்.

ஓவியரின் வாழ்க்கையை எழுதிவிட்டு ஓவியத்தைப் பற்றி எழுதியதாக நினைப்பது

வான்கோ என்றதும் காது. எங்கள் குழுவில் வந்த முதல் கட்டுரையிலும் இரண்டாம் பத்தியிலேயே காது வந்துவிட்டது. அவர் காதை அறுத்துக்கொண்டது 1888 டிசம்பரில், பிரான்சின் ஆர்ல் நகரில். ‘விண்மீன் இரவு’ 1889 ஜூனில், சான் ரெமியிலுள்ள மனநலக் காப்பகத்தில் இருந்தபோது வரைந்தது. கீழே தெரியும் ஊர் அவருடைய அறைச் சன்னலிலிருந்து தெரியாது. அதை அவர் தானாகச் சேர்த்தார். ஏன் சேர்த்தார் என்று கேளுங்கள். வானம் முழுக்கச் சுழலும் தூரிகைக் கோடு, வீடுகளுக்கு வரும்போது மட்டும் ஏன் நேராகக் கட்டையாக நிற்கிறது என்று கேளுங்கள். கத்தியைப் பற்றி எழுதினால் இந்தக் கேள்விகளுக்கு இடமே இருக்காது.

கலைச்சொல்லுக்குள் ஒளிந்துகொள்வது

‘சமநிலை’, ‘ஒத்திசைவு’, ‘ஆழ உணர்வு’ என்று எழுதுவதற்கு முன், எந்த நிறம் எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். என் பழைய நோட்டில் ‘சமநிலை’ பதினேழு முறை வருகிறது. எதற்கும் எதற்கும் இடையில் என்று ஓரிடத்தில்கூட இல்லை. அம்மா சொன்ன ‘மேட்டு நிலம், வளைத்து ஓட்டியிருக்கிறான்’ என்பதில் கோடு, சரிவு, உழைப்பு மூன்றும் இருக்கின்றன.

‘இதை என் பிள்ளையும் வரைவான்’

வரையச் சொல்லிப் பாருங்கள். பிறகு பேசலாம்.

கிடைத்த முதல் நகலை நம்புவது

தேடினால் வரும் பத்துப் படங்களில் பத்து நிறம் இருக்கும், சிலவற்றில் ஓரமும் வெட்டப்பட்டிருக்கும். ஓவியம் இருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்துக்கே போங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 717 கிகாபிக்சல் படமாக 2022இல் இலவசமாக வெளியிட்டது. வண்ணத்தில் விழுந்த மயிரிழை விரிசல் வரை பெருக்கிப் பார்க்கலாம்.

நேரில் பார்க்கக் கூடியதையும் திரையிலேயே பார்ப்பது

ஆறாம் வாரத்தில் சோழர் கால நடராசர் படிமம் வருகிறது. முன்னாலிருந்து எடுத்த ஒரே படம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் உட்பட எத்தனையோ செப்புத் திருமேனிகள் இருக்க, ஒரு பஸ் தூரத்தில் வசித்துக்கொண்டு நான் அந்த ஒரு படத்தைப் பார்த்துத் தேர்வு எழுதினேன். பாடம் முடிந்து ஓர் ஆண்டுக்குப் பிறகுதான் போனேன். அங்கே ஓர் அம்மன் படிமத்தின் பக்கவாட்டுக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தேன். தலைக்குப் பின்னே சிரச்சக்கரம். அதற்குக் கீழே தோளில் பிரிந்து விழும் கூந்தல் சுருள்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செதுக்கியது. மூலவரைப்போல் ஒரே இடத்தில் இருக்கச் செய்தவை அல்ல அவை. வீதியுலாவில் சுற்றிலும் நின்று பார்க்கும் கண்களுக்காக வார்த்தவை. அதனால் முதுகும் முடிந்திருக்கிறது.

குழுவோடு அடுத்த மாதம் போகிறோம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.