வக்கீல் இல்லாமல் வழக்கு நடத்தப் போகிறீர்களா?

நம் வழக்கை நாமே நடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கடலூர் கோர்ட்டில் அப்படி வந்து தோற்றவர்களில் நான் பார்த்த பலர் வாதாடும் கட்டத்துக்கே போகவில்லை. நாளைத் தவறவிட்டுத் தோற்றார்கள்.

முதல் தவறு வீட்டு வாசலிலேயே நடக்கிறது. சம்மன் வந்தால், "வாங்காம திருப்பி அனுப்பிடு, கேஸ் நிக்காது" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வாங்க மறுத்ததாகத் தபால் திரும்பிப் போனாலும், உங்களுக்குச் சம்மன் கிடைத்துவிட்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அப்புறம் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான், அதாவது நீங்கள் வராமலே எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுத் தரும் தீர்ப்பு. அதை நீக்கக் கோரி 30 நாளுக்குள் மனு போட வேண்டும், வராததற்குத் தகுந்த காரணமும் காட்ட வேண்டும்.

சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை, அதாவது உங்கள் எழுத்துப்பூர்வ பதில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் மொத்தம் 90 நாள் வரை நீட்டித்துத் தரலாம். இந்த எதிருரையில்தான் பலர் சறுக்குகிறார்கள். "பிராதில் (வழக்குப் போட்டவர் கொடுத்த மனுவில்) சொன்னது எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிராதைப் பத்தி பத்தியாகப் படித்து, எது உண்மை, எது பொய், பொய் என்றால் நடந்தது என்ன என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். குறிப்பாக மறுக்காத விஷயத்தை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே கருத முடியும். கையில் இருக்கும் ரசீது, ஒப்பந்தம் எல்லாவற்றையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். பிறகு கொண்டுவந்தால் கோர்ட்டின் அனுமதி வேண்டும்.

வாட்ஸ்அப் செய்தியைப் பிரிண்ட் எடுத்து நீட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி அதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தச் செய்தி இருக்கும் பழைய போனையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எந்த ஊர் கோர்ட் என்பது நம் பக்கத்தில் பெரிய குழப்பம். கடலூரில் குடியிருந்துகொண்டு பாண்டிச்சேரியில் ஃப்ரிட்ஜ் வாங்குகிறோம், அங்கே உள்ளவருக்குக் கடன் கொடுக்கிறோம். ஃப்ரிட்ஜ் பழுது என்றால் கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நாம் வசிக்கும் ஊரிலேயே புகார் செய்ய வழி தருகிறது. 2 வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. கடன் வசூல் வழக்கு அப்படி இல்லை. பொதுவாகக் கடன் வாங்கியவர் இருக்கும் இடத்திலோ, கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்திலோதான் போட முடியும்.

வாய்தா அன்று பண்ருட்டி பஸ் தாமதம் என்று எங்கள் உறவினர் ஒருவர் மதியம் போய்ச் சேர்ந்தார். டவாலி (கோர்ட் ஊழியர்) பெயர் கூப்பிட்டு முடித்து, வழக்கும் தள்ளுபடி ஆகியிருந்தது. அதை மீட்க அவர் அலைந்த அலைச்சலை நான் கூட இருந்து பார்த்தேன். முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வைத்து, ஈகோர்ட்ஸ் என்ற கோர்ட் செயலியில் அடுத்த தேதியை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் இல்லை என்பதற்காக மட்டும் தனியாகப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் நில்லுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100-க்கும் போன் செய்யலாம். உங்கள் மேல் கிரிமினல் வழக்கு என்றால், முதலில் அங்கேதான் போக வேண்டும்.