குட்டிக்குக் குடற்புழு மருந்து: எப்போது, எவ்வளவு?

நாய்க்குட்டிக்கு இரண்டாவது வாரமும் பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரமும் முதல் மருந்து. எட்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பாலூட்டும் தாய்க்கும் சேர்த்தே கொடுங்கள். ஒரே வேளையோடு நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு: குட்டிகளுக்குக் கொடுக்கும் பைரான்டெல் என்ற மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும், உடலுக்குள் அலையும் இளம்புழு பிறகு குடலுக்கு வந்து சேரும்.

கொடுக்கும் நாளிலேயே எடை பாருங்கள். நாய்க்குட்டிக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் பைரான்டெல் என்றால் 3 கிலோ குட்டிக்கு 15 மில்லிகிராம். ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் உள்ள மருந்தில் அது வெறும் 0.3 மில்லி, ஊசியில்லா சிரிஞ்சில்தான் அளக்க முடியும். மருந்து அடியில் தங்கும், நன்றாகக் குலுக்குங்கள். அளவைக் கால்நடை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆசனவாயருகே அரிசிபோல் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அதற்குப் பிராசிகுவான்டெல் என்ற வேறு மருந்து வேண்டும். அதைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும்.

மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். உருண்டைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வரச் சில வாரம் ஆகும். வந்துவிட்டால் மண்ணில் பல ஆண்டு கிடக்கும், பிளீச்சுக்கும் சாகாது. அந்த மண் பட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைக்குக் கண் பார்வையே பாதிக்கப்படலாம். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்கால் தோல்வழியே நுழையும். பூனையின் மணல் தட்டைத் தினமும் மாற்றுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம்.