பிக்கப்பில் கேம்பர் இழுக்கிறீர்களா? எடையில்தான் முதல் தவறு

“மூவாயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கும் லா, பயப்படாதே!” கோலாலம்பூரில் கேம்பர் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் முகாம் வண்டி) வாங்க நினைப்பவர் காதில் முதலில் விழும் ஆறுதல் இது. ரேஞ்சர், ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகளுக்கு ஆஸ்திரேலியக் காணொளிகளில் சொல்லப்படும் எண்தான். பொய்யில்லை. ஆனால் சொந்தமாக பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டும் அது பொருந்தும். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அங்கேயே 750 கிலோதான். நம் ஊரில் வாங்கிய வண்டிக்கு எவ்வளவு என்பதை அதன் கையேட்டில் பாருங்கள், காணொளியில் அல்ல.

அதற்கும் முன்னால் தீர்ந்துபோவது பிக்கப் தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை. உதாரணத்துக்கு 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏறினால் 350. மேல்மூடி, இரும்பு பம்பர், டோ பார் (டிரெய்லர் கொக்கியைத் தாங்கும் கம்பி) எல்லாம் சேர்த்து 150. ஐஸ் பெட்டி, அடுப்பு, கூடாரம், தண்ணீர் என்று 200. மிச்சம் 200. இப்போது 1,500 கிலோ கேம்பரை மாட்டினால் அதன் மூக்கு, அதாவது முன்முனை, பிக்கப்பின் கொக்கியில் 150 கிலோ அழுத்தும். அந்த 150 பிக்கப்பின் கணக்கில்தான் சேரும். பலர் இதைச் சேர்ப்பதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. கொக்கி பின் அச்சுக்கு வெளியே இருக்கிறது. முன், பின் அச்சுகளுக்கு நடுவே 3.2 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.3 மீட்டர் என்றால், அந்த 150 கிலோ பின் அச்சில் 211 கிலோவாக இறங்கும். முன் அச்சிலிருந்து 61 கிலோ குறையும். மாலை மழையில் ஸ்டீயரிங் லேசாகத் தெரிவதும், எதிரே வருபவர் கண்ணில் நம் விளக்கு அடிப்பதும் இதனால்தான்.

சரி, மூக்கு எடையைக் குறைக்கலாம் என்று சாமான்களை கேம்பரின் பின்பக்கம் தள்ளுவார்கள். இது அதைவிட மோசம். மூக்கில் மொத்த எடையில் ஏறக்குறைய 10 விழுக்காடாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் கூடும்போது டிரெய்லர் நாய் வால் போல ஆடத் தொடங்கும். பின்னால் மாட்டிய இரண்டு சைக்கிள், அச்சுக்குப் பின்னால் இருக்கும் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி: தொந்தரவுக்கு இவ்வளவு போதும். ஊகிக்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். செம்பனை ஆலையிலும் பழைய இரும்புக் கடையிலும் லாரி எடை மேடை இருக்கும். கேட்டால் சிலர் விடுவார்கள். மூக்கை மட்டும் பார்க்க, சமதளத்தில் கட்டை வைத்து வீட்டுத் தராசின் மேல் இறக்கினால் போதும், தராசின் அளவைத் தாண்டாதவரை.

ஆட்டம் எங்கே வரும்? பினாங்கின் 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலத்தில் கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது. எக்ஸ்பிரஸ் பேருந்து உரசினாற்போல் முந்தும்போது. இறக்கத்தில். அந்த நேரத்தில் பிரேக்கை மிதிப்பதும், ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும்தான் பெரிய தவறு. எண்ணெய் மிதியிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை மெல்ல எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் பொத்தான் இருந்தால் அதை மட்டும் மெதுவாக அழுத்துங்கள்.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் நோக்கி இறங்கும்போது, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் ஏறிய பிறகு பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கேமரன் மலைக்கு என்றால் தாப்பா வழியின் குறுகிய வளைவுகள் வேண்டாம். சிம்பாங் பூலாய் வழியே ஏறுங்கள்.

கொக்கியின் உருண்டை அளவைப் பாருங்கள். 50 மில்லிமீட்டரும் உண்டு, 2 அங்குலமும் உண்டு, அதாவது 50.8. டிரெய்லர் மூக்கில் உள்ள பெரிய கூட்டுக்குள் சின்ன உருண்டை பூட்டிக்கொண்டது போலவே தெரியும், குலுக்கலில் கழன்றுவிடலாம். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காகப் போடுங்கள்; கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

மாதக்கணக்கில் வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும் டிரெய்லருக்கு டயர்ப் பூ தேயாது, ஆனால் ரப்பர் கெட்டுப்போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு, டோ பார் அனுமதி, காப்புறுதி மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொல்லும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம் என்பேன்.

அகலமான கேம்பர் என்றால் நீட்டுக் கண்ணாடி கட்டாயம் தேவை. நகரத்துக்குள் காப்சாய் மோட்டார்சைக்கிள்கள் டிரெய்லரை ஒட்டியே வரும், சாதாரணக் கண்ணாடியில் தெரியாது. பின்னோக்கி எடுப்பதை ஞாயிறு காலையில் காலியான கார் நிறுத்துமிடத்தில் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடியில் ஒரு கையை வையுங்கள். கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்புறமும் போகும். வீட்டுக்காரர் இறங்கிக் கை காட்டுவதானால் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியில் இல்லையென்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.