உங்கள் ஏரியா சங்கம் யாருக்கானது? ஒரு நோட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பன்மைத்தன்மை, சமத்துவம், உள்ளடக்கம், சூழல் நீதி. இந்த நாலையும் ஒரே மூச்சில் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நான் இப்படித்தான் கேட்டுக்கொள்வேன்: யார் யார் உள்ளே இருக்கிறார்கள்? தேவைப்படுகிறவருக்குக் கிடைக்கிறதா? யார் பேச்சு எடுபடுகிறது? குப்பை நாற்றம் யார் வாசலில்?

குடியிருப்போர் நலச் சங்கம், தொண்டு நிறுவனம், கோயில் கமிட்டி எல்லாவற்றையும் இந்த நாலு கேள்வியை வைத்துச் சோதிக்கலாம். நான் குடியிருக்கும் வடசென்னைப் பகுதிச் சங்கத்தை வைத்தே சொல்கிறேன்.

படி 1: பெயர்ப் பட்டியல்

உறுப்பினர் பதிவேட்டையும் நிர்வாகிகள் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வீடு, எத்தனை உறுப்பினர், எத்தனை நிர்வாகி என்று கோடு போட்டு எழுதுங்கள். யாரிடமும் சாதி கேட்க வேண்டாம், அதோடு கதவு சாத்தப்படும். நம் ஊரில் தெருவே பாதியைச் சொல்லிவிடும். பெண்கள், வாடகைக்கு இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

‘மகளிர் அணித் தலைவி’ என்று ஒருவர் இருந்தால் உடனே நிர்வாகி கணக்கில் ஏற்றிவிடாதீர்கள். செக்கில் கையெழுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள்.

எங்கள் சங்கத்தில் சிக்கிய முதல் விஷயம் பைலாவில், அதாவது சங்க விதிகளில், யார் உறுப்பினராகலாம் என்பதற்கு இருந்த ‘வீட்டு உரிமையாளர்’ என்ற ஒற்றைச் சொல். பகுதியில் பாதிக்கு மேல் வாடகை வீடுகள். மாதச் சந்தா மட்டும் அவர்களிடமும் தவறாமல் வாங்குகிறார்கள்.

படி 2: மினிட்ஸ் நோட்டு

கூட்டத் தீர்மானங்களை எழுதிவைக்கும் இந்த நோட்டில் கடைசி ஓராண்டு போதும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பக்கத்தில் கொண்டுவந்தது யார், எந்தத் தெருவுக்கு, எவ்வளவு செலவு, நடந்ததா என்று குறியுங்கள். சலிப்பான வேலைதான், இரண்டு சாயங்காலம் பிடிக்கும்.

படி 3: கூட்டத்தில் உட்காருங்கள்

கூட்டம் மாடியிலா? சக்கர நாற்காலி ஏறுமா? சாய்தளம் இருந்தால் டேப்பால் அளந்து பாருங்கள்: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். பல இடங்களில் இருப்பது பைக் ஏற்றும் சரிவு. டீ வரும்போது துப்புரவு செய்கிறவருக்கும் அதே டம்ளரா என்று கவனியுங்கள். பெண் ஒருவர் பேசினால் ஒரு கோடு, அவரை யாராவது இடைமறித்தால் ஒரு புள்ளி. கோடுகளைவிடப் புள்ளிகள்தான் அதிகம் சொல்லும்.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். குழுவின் பெயர்ப்பலகையைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 4: வவுச்சர் ஃபைல்

என்னைக் கேட்டால் இதிலிருந்தே தொடங்கலாம். ‘செப்டிக் டேங்க் க்ளீனிங்’ என்று ஒரு வவுச்சர் கட்டாயம் இருக்கும். லாரி வந்ததா, ஆள் இறங்கினாரா? எங்கள் ஃபைலில் லாரிக்கு ஒரு ரசீது. அதன் பின்னாலேயே குண்டூசியில் குத்தி, ‘கூலி, 2 ஆள்’ என்று பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டு. பெயர் இல்லை, கையுறை வாங்கிய பில்லும் இல்லை.

பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் இன்னொரு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. பொருளாளருக்கு இது தெரிந்திருக்கவில்லை. “வழக்கமா வர்ற பசங்கதான் சார்” என்றார்.

படி 5: நடந்து பாருங்கள்

விடியற்காலை ஒரு தடவை, மழை விட்ட மறுநாள் ஒரு தடவை. கையால் தெருப்படம் வரைந்து, குப்பைத் தொட்டி, திறந்த வடிகால், ஜெனரேட்டர், தண்ணீர் தேங்கும் இடம் என்று புள்ளி வையுங்கள். பிறகு அதே படத்தில் நிர்வாகிகள் வீடுகளை வேறு நிறத்தில் குறியுங்கள். இரண்டு நிறமும் பக்கத்துப் பக்கத்தில் வருகிறதா?

நகரத்தின் அளவிலும் இதே படம்தான். பல பத்தாண்டுகளாகச் சென்னைக் குப்பை குவிந்த இடங்கள் கொடுங்கையூரும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடியும். அனல்மின் சாம்பலுக்கு எண்ணூர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்தபோது படகும் வலையும் கறுத்ததும் எண்ணூர் மீனவர்களுக்குத்தான்.

படி 6: ஒரே பக்கம்

படத்தையும், இதுவரை எடுத்த கணக்குகளில் முக்கியமான மூன்று எண்களையும் ஒரே தாளில் போடுங்கள். தலைவரிடம் கொடுப்பதற்கு முன் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் படித்துக் காட்டுங்கள். படத்தில் நான் விட்டுவிட்ட இரண்டு இடங்களை அங்கே ஒரு அக்கா ஐந்து நிமிடத்தில் திருத்தினார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தேதி, பொறுப்புக்கு ஒரு பெயர். தேதி இல்லாத தீர்மானங்கள் எத்தனை நடந்தன என்று உங்கள் மினிட்ஸ் கணக்கே சொல்லும்.

எங்கள் பைலாத் திருத்தம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. தொட்டி இன்னும் அதே அக்கா வீட்டு ஜன்னலடியில்தான் இருக்கிறது.