வீட்டுக்கு வீடு பதிவு செய்த பரோக் கச்சேரி: சுருதியைச் சேர்த்த விதம்

2020 ஊரடங்கில் எங்கள் நெதர்லாந்துக் குழு, 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய பரோக் இசையமைப்பாளர் தாரியோ காஸ்டெல்லோவின் 1629 தொகுப்பிலிருந்து ஒரு சொனாட்டாவை (கருவிகளுக்கான இசைப் படைப்பு) இணையக் கச்சேரிக்காக அவரவர் வீட்டிலிருந்தே பதிவு செய்தது. இரண்டு வயலின், ஒரு ஹார்ப்சிகார்ட் (தந்திகளை மீட்டி ஒலிக்கும் பழைய விசைப்பலகைக் கருவி). எல்லோரும் ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில்தான் வைத்திருந்தோம். ஆனாலும் தனித்தனியாகப் பதிவு செய்த தடங்களை ஒன்றாகப் போட்டுக் கேட்டால் காது கூசியது, அதுவும் நீண்டு நிற்கும் முடிவுச் சுரங்களில்.

ஹார்ப்சிகார்ட் கால்-கோமா மீன்டோன் என்ற பழைய சுருதி முறையில் இருந்தது. அதில் சி–ஈ சுரங்களின் இடைவெளி 386 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). நம் அந்தர காந்தாரம் தம்பூராவோடு கலந்து நிற்கும் இடம். வயலின்காரர்கள் சுருதி சேர்க்கப் பார்த்த செயலியோ, எல்லா அரைச் சுரங்களையும் சமமாகப் பிரிக்கும் சமச் சுருதிப்படி 400 காட்டும். அந்த 14 சென்ட்தான் உறுத்தியது.

ஹார்ப்சிகார்ட் கலைஞரிடம் பன்னிரண்டு சுரங்களையும் தனித்தனியாக, ஒலி ஓயும்வரை விட்டுப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். செயலியை மூடிவிட்டு, அந்த ஒலிக்கே தந்திகளைச் சேர்த்தோம். எங்கள் வயலின்களில் இருந்த, விலங்குக் குடலால் ஆன தந்தி அறைச் சூட்டுக்கே சுருதி இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு முறை வாசிக்கும் முன்னும் அதே கோப்பு. பிறகு அவருடைய தடத்தைக் காதில் கேட்டபடி மேல் குரல்களை, அதாவது வயலின் பகுதிகளை, வாசித்தோம். மெட்ரோனோம் வைக்கவில்லை. காஸ்டெல்லோவில் வேகம் பகுதிக்குப் பகுதி மாறும். அவர் மூச்சிழுக்கும் சத்தமே போதுமான சைகை.

கைபேசியில் பதிவு செய்பவர்கள் இரைச்சல் குறைப்பைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். ஹார்ப்சிகார்ட் சுரத்தின் வாலை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.